முட்டி தேய்ந்தவர்கள் நடக்கலாமா?

கேள்வி இதுதான். பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு கிராமம். முந்திரி உடைக்கும் வேலை பார்க்கும் அம்மாவுக்கு 54 வயது. ஒரு வருடமாக இரண்டு முட்டியிலும் வலி. எக்ஸ்ரே பார்த்து "தேய்மானம், செகண்ட் ஸ்டேஜ்" என்று சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்து எழுந்தால் கடக் கடக் என்று சத்தம் வேறு. எலும்பும் எலும்பும் உரசுகிறது, நடந்தால் இன்னும் தேய்ந்துபோகும் என்று தெருவில் ஆளாளுக்குச் சொல்ல, அம்மா நடையை நிறுத்திவிட்டார். திருவதிகைக் கோயிலுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார். புதுச்சேரியில் வேலையில் இருக்கும் மகன் கேட்கிறார்: மூட்டுக்குள் என்னதான் இருக்கிறது? தேய்ந்தது திரும்ப வளருமா? அம்மா நடக்கலாமா, கூடாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடக்கலாம். நடக்கத்தான் வேண்டும். கடலூரில் இருபது வருடத்துக்கு மேலாக பிசியோதெரபி பார்க்கிறேன். முட்டி வலியால் படுத்தவர்களைவிட, முட்டி வலிக்குப் பயந்து உட்கார்ந்தே முடங்கிப்போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் பெரியம்மாவும் அப்படித்தான். "காலுக்கு ஓய்வு கொடுங்கள்" என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வருடம் கட்டிலோடு இருந்தார். முட்டி வலி குறையவில்லை. தொடை மட்டும் சூம்பிப்போய், கடைசியில் கழிப்பறையிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியதாயிற்று. அப்போது நான் படித்துக்கொண்டிருந்தேன். இன்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத் தெரிந்திருந்தால் அவரை அப்படி உட்கார விட்டிருக்க மாட்டேன்.

கோளாறு பாதி அந்த வார்த்தையில் இருக்கிறது. தேய்மானம், கிரீஸ் குறைந்துவிட்டது, பேரிங் போய்விட்டது என்றெல்லாம் பேசுகிறோம். எல்லாம் ஒர்க்‌ஷாப் வார்த்தைகள். இயந்திரத்தின் பாகம் ஓட ஓடத் தேயும், நிறுத்தி வைத்தால் தேயாது. அதனால் முட்டியையும் நிறுத்தி வைத்தால் மிச்சமாகும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஆனால் மூட்டு உயிருள்ளது. அதற்குச் சாப்பாடு வேண்டும். அந்தச் சாப்பாடு அசைவினால்தான் உள்ளே போகிறது.

எப்படி என்று சொல்கிறேன். வீட்டில் ஆட்டுக்கறி எடுக்கும்போது கவனித்திருப்பீர்கள். கால் எலும்பின் நுனியில் வெள்ளையாக, நீலம் பாரித்த மாதிரி, பளபளவென்று ஒரு பூச்சு இருக்கும். விரல் வைத்தால் வழுக்கும். அதுதான் குருத்தெலும்பு. நம் முட்டியில் அது பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதன் எடையில் முக்கால் பங்கு அளவுக்குத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வலை பின்னிப் பிடித்து வைத்திருக்கிறது. இந்தக் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் வராத இடத்துக்கு உணவு எப்படி வரும்? மூட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. உறையின் உள்பக்கச் சவ்வு, முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பான ஒரு நீரைச் சுரக்கிறது. நல்ல முட்டியில் அது ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. நாம் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி, உள்ளிருக்கும் நீர் வெளியே பிதுங்குகிறது. காலைத் தூக்கும்போது, பிழிந்த பஞ்சு விரிவதுபோல விரிந்து, சத்துள்ள புது நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஊன்றுவதும் எடுப்பதும்தான் அதற்குச் சாப்பாடு. படுத்தே கிடக்கிறவரின் குருத்தெலும்பு மெல்ல மெல்ல மெலிந்து மென்மையாகிவிடுகிறது. நடக்காமல் இருப்பது முட்டியைக் காப்பாற்றாது, பட்டினி போடும்.

சரி, மூட்டு என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு எலும்புகள் சேரும் இடம் எல்லாமே மூட்டுதான். தமிழில் இதற்குக் கீல் என்றும் பெயர் உண்டு. கதவுக்குப் போடுகிறோமே, அதே கீல். கீல்வாதம் என்ற சொல் அதிலிருந்து வந்தது. கணுக்கால் என்பதில் உள்ள கணுவும், நெல்லிக்குப்பம் கரும்பில் இருக்கும் கணுவும் ஒரே சொல்தான். வளர்ந்த ஆளுக்கு 206 எலும்புகள். அவை சேரும் இடங்களில் எல்லாமே அசைவதும் இல்லை. மண்டை ஓட்டுத் தகடுகள் தையல் போட்டதுபோல இறுகியிருக்கும். முதுகெலும்புகள் நடுவே வட்டுகளை வைத்துக்கொண்டு கொஞ்சமாக அசையும். நீர் நிரம்பிய உறையுள்ள மூட்டுகள்தான் நன்றாக அசைகிறவை. நாம் வலி வலி என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இந்த அசைவுகளை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லும் குழவியும் மாதிரி. தொடை எலும்பின் உருண்டைத் தலை ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் சுழலும், ஆனால் சுலபத்தில் நழுவாது. தோள்பட்டையும் அதே வகைதான். ஆனால் அங்கே குழி மிகவும் ஆழம் குறைவு. சின்னத் தட்டில் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி. அதனால்தான் கையை இவ்வளவு வீசி வலை எறிய முடிகிறது, அதனால்தான் உடம்பிலேயே அதிகம் இறங்கிப்போகிற பெரிய மூட்டும் அதுவே. தலையை "ஆமாம்" என்று ஆட்டும்போது மண்டை ஓடு முதல் கழுத்தெலும்பின் மேல் அசைகிறது. "இல்லை" என்று ஆட்டும்போது முதல் கழுத்தெலும்பு இரண்டாவதன் முளையைச் சுற்றித் திரும்புகிறது. ஆமாமுக்கு ஒரு மூட்டு, இல்லைக்கு இன்னொரு மூட்டு. தோசையைத் திருப்பிப் போடும்போது முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன் மேல் குறுக்கே உருள்கிறது. கட்டைவிரலின் அடிமூட்டு குதிரைச் சேணம் போன்ற வடிவம் கொண்டது. அது இல்லையென்றால் கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு தொடவே முடியாது. உங்கள் அம்மா முந்திரித் தோலை நகத்தால் உரிக்கிறாரே, அந்த வேலை முழுவதும் அந்த ஒரு மூட்டை நம்பித்தான் நடக்கிறது.

முட்டிக்கு வருவோம். மேலே தொடை எலும்பு, கீழே கால் எலும்பு, முன்னால் சில்லு. பார்த்தால் கதவுக் கீல் மாதிரி மடங்கி நீள்கிறது என்று தோன்றும். ஆனால் அது வெறும் கீல் இல்லை. காலை முழுக்க நீட்டும்போது கடைசிச் சில பாகைகளில் ஒரு சின்னத் திருகல் நடந்து மூட்டு பூட்டிக்கொள்கிறது. பேருந்தில் இடம் கிடைக்காமல் கடலூரிலிருந்து புதுச்சேரி வரை நின்றுகொண்டே போக முடிகிறதென்றால், தொடைத்தசை முழு நேரமும் உழைக்காமல் இந்தப் பூட்டு தாங்குவதும் ஒரு காரணம். மடக்கும்போது முட்டிக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னத் தசை பூட்டைத் திறந்துவிடுகிறது. முட்டிச் சில்லு கிணற்றுக் கப்பியின் வேலையைச் செய்கிறது. தொடையின் முன்தசை கயிறுபோல அதன் மேலாகக் கால் எலும்புக்கு இறங்குகிறது. கப்பி இல்லாமல் குடம் இழுத்துப் பார்த்தவர்களுக்குச் சில்லின் அருமை தெரியும்.

"ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று ஊரில் சொல்வது இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கும். ஒன்று, எலும்பை எலும்போடு கட்டும் நாண்கள். முட்டியில் முக்கியமாக நான்கு: உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு, பக்கங்களில் இரண்டு. கபடியிலும் பைக் விபத்திலும் அறுவது இவை. மற்றது, இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இருக்கும் இரண்டு மெத்தைகள். பாரத்தைப் பரப்பித் தாங்குவது இவை. எந்த ஜவ்வு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சிகிச்சைக்கும் தலையாட்டாதீர்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால், வலியே இல்லாத முட்டியில்கூட மெத்தைக் கிழிசல் தெரிவது சகஜம்.

இப்போது தேய்மானம். குருத்தெலும்பு மெலிகிறது என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும் தேய்ந்து நடப்பதில்லை. அடியில் உள்ள எலும்பு இறுகுகிறது, ஓரங்களில் முள்போல வளர்கிறது, உள்சவ்வு அவ்வப்போது வீங்குகிறது, தொடைத்தசை பலம் இழக்கிறது. மூட்டு முழுவதும் சேர்ந்து மாறுகிற ஒரு நோய் இது. உடம்பு அதைச் சரிசெய்யவும் ஓயாமல் முயன்றுகொண்டே இருக்கிறது. குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஆகவே வலி வருவது குருத்தெலும்பிலிருந்து இல்லை, எலும்பு, உறை, சவ்வு, தசை இவற்றிலிருந்து. இதில் நல்ல செய்தி என்னவென்றால், மெலிந்த குருத்தெலும்பு பழையபடி வளராவிட்டாலும் வலி குறைய முடியும். தேய்ந்தது வளர்ந்தால்தான் வலி போகும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

"செகண்ட் ஸ்டேஜ்" என்பதைக் கேட்டு நீங்கள் பயந்திருப்பீர்கள். அது புற்றுநோய்க்குச் சொல்லும் ஸ்டேஜ் போன்றதல்ல. 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தரம் பிரிக்க ஒரு முறை கொண்டுவந்தார்கள். பூஜ்யத்திலிருந்து 4 வரை. இரண்டு என்றால் ஓரத்தில் எலும்பு முள் தெரிகிறது, இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, நடுவில் உள்ள இடைவெளிதான் தெரியும். நான்காம் தரத்து எக்ஸ்ரேயோடு வயலில் நாற்று நடுகிறவர்களும் உண்டு, ஒன்றாம் தரத்தோடு படி ஏற முடியாமல் அழுகிறவர்களும் உண்டு. நாம் படத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம், அம்மாவுக்குப் பார்ப்போம்.

சத்தத்தைப் பற்றிய கவலையையும் விடுங்கள். வலியோ வீக்கமோ இல்லாமல் வரும் சத்தத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மூட்டு நீரில் கரைந்திருக்கும் வாயு குமிழியாவதால் வருவது உண்டு, நாண் ஒரு மேட்டைத் தாண்டிக் குதிப்பதால் வருவதும் உண்டு. விரலைச் சொடுக்கும்போது உள்ளே வெற்றிடம் உருவாவதை 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. படமாகவே எடுத்தார்கள். அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர், சொடுக்கினால் மூட்டு கெடும் என்று அம்மாவும் அத்தைகளும் சொன்னது மெய்யா என்று பார்க்க, இடது கை விரல்களை மட்டும் தினமும் சொடுக்கி வந்தார். ஐம்பது வருடம்! பிறகு இரண்டு கைகளையும் ஒப்பிட்டார். இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை. ஒரே ஒருவர் தன் மேல் செய்த சோதனைதான், ஆனால் அந்தப் பொறுமைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அம்மாவின் வேலையைப் பார்க்கலாம். முந்திரி உடைப்பவர்கள் குத்துக்காலிட்டோ சம்மணமிட்டோ மணிக்கணக்கில் உட்கார்கிறார்கள். அப்படி ஆழமாக மடக்கும்போது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே அழுத்தம் ஏறுகிறது. அதைவிட மோசம் அதே நிலையில் அசையாமல் இருப்பது. வேலையை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வீடு அதில் ஓடுகிறது. ஆனால் ஒரு முக்காலியும் முந்திரியைப் பரப்ப உயரமான பலகையும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதுவும் முடியாவிட்டால், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வரட்டும்.

எடையும் கணக்கில் வரும். சமதளத்தில் நடக்கும்போதே முட்டியின் மேல் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் விழுகிறது. படியில் இன்னும் அதிகம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அம்மா பருமனாக இருந்தால் 3 கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் பயிற்சி. இதை நான் மருந்தாகவே எழுதிக் கொடுப்பேன். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடிக்கட்டும். பத்து முறை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்கட்டும். ஒரு வாரம் கழித்து, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் சேர்க்கலாம். இது மூன்றில் உயர்ந்தது. நாற்காலி தாழ்வாக இருந்தால் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. வரவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் "பிசியோ பார்த்தேன், பிரயோஜனமில்லை" என்கிறார்கள்.

நடக்க முதலில் சமமான தரை போதும். உங்களோடு வந்து தங்கும் நாட்களில் புதுச்சேரி பீச் ரோடு நல்ல இடம், மாலையில் வண்டியும் வராது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் காலைப் புதைக்கிற மணலில் ஆரம்பத்தில் நடக்க விடாதீர்கள், கரைச் சாலையில் நடக்கட்டும். ஒரு முட்டி அதிகம் வலித்தால் கைத்தடி நல்ல துணை. ஆனால் அதை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் தப்பான கையில் பிடித்துக்கொண்டுதான் என்னிடம் வருகிறார்கள்.

முடக்கத்தான் தோசை, ஆட்டுக்கால் சூப் பற்றி நிச்சயம் யாராவது சொல்லியிருப்பார்கள். பிடித்தால் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் சூப்பில் உள்ள கொலாஜன் வயிற்றில் செரித்துப் பிரிந்துவிடும், நேராக முட்டிக்குப் போய் ஒட்டாது. கால்சியம் எலும்புக்கு, குருத்தெலும்புக்கு இல்லை. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைக்கு மாதம் நூற்றுக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் அதை ஒரு நல்ல செருப்புக்குச் செலவிடலாம் என்பது என் அபிப்பிராயம். நான் கோபப்படுவது பெயரில்லாத பொட்டல மாத்திரைகளைப் பார்த்துத்தான். இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலம் குறையும், இடுப்பு மூட்டின் தலைக்கே ரத்தம் போகாமல் அது செத்துப்போகலாம். ஏற்கெனவே வெகுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையையும் தினமும் போட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம்.

இதெல்லாம் அம்மாவுக்கு இருப்பது தேய்மானம்தான் என்றால். மூட்டு வலி எல்லாம் தேய்மானம் அல்ல. காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கிறதா, இரண்டு கைகளிலும் சின்ன மூட்டுகள் வீங்குகிறதா என்று கேளுங்கள். அப்படியானால் அது முடக்குவாதமாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய். பெண்களுக்கு அதிகம் வரும். இதில் முதல் சில மாதங்கள் பொன்னானவை, மருந்து தாமதமானால் மூட்டு கோணிப்போகும். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போகத் தயங்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு.

ராத்திரியில் திடீரென்று கால் பெருவிரல் சிவந்து, போர்வை பட்டால்கூட உயிர் போகிற மாதிரி வலித்தால் அது யூரிக் அமிலப் படிகம் சேர்வதால் வருவது. ஆண்களுக்கு அதிகம். பீரும், நம் கரையின் மத்தியும் நெத்திலியும் அதைத் தூண்டக்கூடியவை. சர்க்கரை நோய் உள்ள பெண் ஒருவர் ஜாக்கெட் கொக்கி மாட்டவோ தலை பின்னவோ முடியவில்லை என்றால் தோள் உறை இறுகியிருக்கும். ஒரு மூட்டு மட்டும் வீங்கிக் கொதித்து, காய்ச்சலும் வந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சிக்குன்குனியாவையும் சொல்ல வேண்டும். 2006இல் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் காய்ச்சலில் விழுந்ததாகக் கணக்கு. சிக்கன் என்று காதில் விழுந்ததால் கோழிக்கறியை நிறுத்தியவர்கள் உண்டு. அது தான்சானியாப் பக்கத்து மகோண்டே மொழிச் சொல், வலியால் உடம்பு வளைந்துபோவதைக் குறிப்பது. பரப்புவது கொசு. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனாலும் மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட நிற்கும். அம்மாவுக்கு வலி ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஆரம்பித்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

முட்டி மாற்று அறுவை சிகிச்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். உங்கள் அம்மாவுக்கு இப்போது வேண்டாம். இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு வலி, வீட்டுக்குள் நடக்கவே சிரமம், பயிற்சியும் மருந்தும் ஒழுங்காகச் செய்து பார்த்தும் பலனில்லை என்றால் அப்போது யோசிக்கலாம். மாற்று முட்டிகளில் 100க்கு 80க்கும் மேல் 25 வருடம் வரை நிற்கின்றன என்று 2019இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது. நல்ல சிகிச்சைதான், தேவைப்படும்போது பயப்பட வேண்டாம். ஆனால் தொடை பலமாக இருப்பவர்கள்தான் அறுவைக்குப் பிறகும் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் பயிற்சி வீணாகாது.

கிராமத்திலிருந்து பிசியோவுக்கு அலைய முடியாவிட்டால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் வசதி உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனால் அம்மாவைத் திருவதிகைக்குக் கூட்டிப்போங்கள். பிரகாரத்தை ஒரே ஒரு சுற்று, அவர் வேகத்தில். வேண்டுமானால் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். தரையில் உட்கார வேண்டாம், திண்ணை மாதிரி உயரமான இடமாகப் பார்த்து உட்காரட்டும். சனிக்கிழமை காலை எழுந்ததும் முட்டி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எப்போதும்போல இருக்கிறது என்றால், அடுத்த வாரம் இரண்டு சுற்று.